மாதர் குழு ஒன்றுகூடல்: எந்தக் கைவேலை, 30 பேருக்கு என்ன சமையல்?

பாலமரத்தடி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவின் பாகான் செராய் பக்கம், எங்கள் தேவாலயப் பங்கு மாதர் குழுவுக்கு ஒரு சனிக்கிழமை ஒன்றுகூடல் வைக்க வேண்டும். காலை 9.30க்குத் தொடக்கம், தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோக 3 மணிக்கு வேன் வந்துவிடும். சுமார் 30 பேர் வருவார்கள், பாதிப் பேர் 60ஐத் தாண்டியவர்கள்.

கைவேலைக்கு இரண்டு யோசனை இருக்கிறது. ஒன்று செபமாலை கட்டுவது, அக்டோபருக்குள் விற்றுக் குழு நிதிக்குச் சேர்க்கலாம். இன்னொன்று செம்பனை லீடியில் (ஓலையின் நடுக்குச்சி) தட்டு முடைவது, ஓலை சும்மா கிடைக்கிறது. எது ஒரே நாளில் முடியும்? சாப்பாட்டைச் சமைப்பதா, தாப்பாவ் (கடையில் கட்டிய பொட்டலம்) வாங்குவதா? மண்டபத்தில் இரண்டு கேஸ் அடுப்பு உண்டு.

இன்னொரு தலைவலி: ஒவ்வொரு தோட்டத்து ஆட்களும் தங்களுக்குள்ளேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். புதிதாக வருகிறவர் தனியாகத் தேநீர் குடிக்கிறார். இதற்கும் வழி சொல்லுங்கள்.

மணிக்கயிறு எழுதியது:

செபமாலையே சரி. புதுக் கைக்கும் இரண்டு மணி நேரத்தில் ஒன்று முடிந்துவிடும்.

ஒரு மாலைக்கு 6 மி.மீ. சின்ன மணி 53, 8 மி.மீ. பெரிய மணி 6, மூன்று வளையம் உள்ள பதக்கம் ஒன்று, பாடுபட்ட சுரூபம் (இயேசு உருவம் உள்ள சிலுவை) ஒன்று. 1 மி.மீ. நைலான் கயிற்றில் ஒன்றரை மீட்டர் ஒரு துண்டு, 40 செ.மீ. ஒரு துண்டு. 30 பேருக்குச் சின்ன மணி 1,590 ஆகிறது. அக்ரிலிக் மணி 250 கிராம் பொட்டலத்தில் ஏறத்தாழ 2,000 இருக்கும், அது ஒன்று போதும். பெரிய மணி 200, கயிறு 100 மீட்டர் உருளை ஒன்று. முத்து மாதிரி மினுக்கும் மணி வாங்காதீர்கள், அதன் துளை பெரும்பாலும் சின்னதாக இருக்கும். கடைக்குப் போகும்போது கயிற்றுத் துண்டைக் கையோடு கொண்டுபோய் நுழைத்துப் பார்த்து வாங்குங்கள்.

முதல் நாளே கயிறுகளை வெட்டி, இரண்டு முனையையும் 2 செ.மீ. அளவுக்கு நகச்சாயத்தில் முக்கி உலர்த்தி, சாய்வாக நறுக்கி வையுங்கள். முனை ஊசிபோல் விறைத்துவிடும். வயதானவர்கள் ஊசியில் கோக்கிற பாடு இல்லை.

நீளக் கயிற்றைப் பதக்கத்தின் மேல் வளையம் ஒன்றில் கட்டித் தொடங்குங்கள். 10 சின்ன மணி, முடிச்சு, பெரிய மணி, முடிச்சு என்று போய், ஐந்தாவது பத்து முடிந்ததும் மற்ற மேல் வளையத்தில் கட்டவும். சுற்றில் சின்னது 50, பெரியது 4. மிச்சம் கீழ் வளையத்தில் தொங்குவது: பெரியது ஒன்று, சின்னது மூன்று, பெரியது ஒன்று, பிறகு சுரூபம். இதற்குத்தான் அந்த 40 செ.மீ. துண்டு. பதக்கம் இல்லாமல் சுற்றின் இரண்டு முனையையும் சேர்த்துக் கீழே இறக்கப் பார்ப்பவர்கள் உண்டு. இரட்டைக் கயிறு மணிக்குள் நுழையாது.

அதிகம் கெடுவது இரண்டு இடத்தில். முடிச்சு மணியை ஒட்டி விழாமல் தள்ளிப்போய் விழும். முடிச்சை இறுக்குவதற்கு முன் அதன் கண்ணுக்குள் தடித்த ஊசி ஒன்றை விட்டு, மணி வரைக்கும் நகர்த்திக்கொண்டே போய் இறுக்கினால் சரியாக உட்காரும். மற்றது, பத்து மணியையும் நெருக்கமாகப் பூட்டிவிடுவது. செபம் சொல்லும்போது மணி விரலில் நகர வேண்டும் அல்லவா? ஒவ்வொரு பத்துக்கும் ஒரு செ.மீ. இடம் விட்டு முடிச்சுப் போடுங்கள்.

எண்ணிக்கை பிசகாமல் இருக்க, முட்டை அட்டையில் ஐந்து குழிக்குப் பத்துப் பத்தாக எண்ணி ஆளுக்கொன்று கொடுங்கள். பேசிக்கொண்டே கட்டினாலும் குழி காலியானால் முடிச்சுப் போட வேண்டியதுதான். மேசையில் அடர்ந்த நிறத் துவாலை விரித்தால் மணி உருளாது, கண்ணுக்கும் தெரியும்.

மாலையை மந்திரிப்பதற்கு (பாதர் ஆசீர்வதிப்பதற்கு) முன்பே விற்றுவிடுங்கள். மந்திரித்த பொருளை விற்பது முறையில்லை. வாங்குகிறவர் பாதரிடம் கொண்டுபோய் மந்திரித்துக்கொள்ளட்டும்.

ஓலைக்காரி எழுதியது:

லீடி இந்தத் தடவை வேண்டாம். ஓலை சும்மா கிடைக்கிறது, வேலை சும்மா முடியாது. கத்தியால் இலையை உரித்து, குச்சியைச் சீவி, நீளம் பார்த்துப் பிரிக்கவே ஒரு காலைப்பொழுது போய்விடும். பச்சைக் குச்சியில் முடைந்தால் காய்ந்ததும் சுருங்கித் தட்டு தளர்ந்துவிடும். சரியாகக் காயாமல் பையில் கட்டினால் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். அடுத்த முறைக்கு வேண்டுமானால் அன்றன்று வெட்டிய மட்டையாகக் கேட்டு வாங்கி, உரித்துக் காயவைத்த குச்சியாகவே மண்டபத்துக்குக் கொண்டுவாருங்கள். மர வரிசை நடுவில் அடுக்கிக் கிடக்கும் பழைய மட்டையில் கை விடாதீர்கள். அடியில் என்ன சுருண்டு படுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. மட்டையின் அடிப்பக்க முள்ளும் பொல்லாதது.

பெரிய குவாலி எழுதியது:

சமையுங்கள், ஆனால் நாலு பேரை அடுப்படியில் பூட்டிவைக்காதீர்கள். பாதிச் சங்கங்களில் நடப்பது இதுதான்: சமைக்கிறவர்கள் கைவேலையும் பார்ப்பதில்லை, பேச்சிலும் கலப்பதில்லை, கடைசியில் ஆறிய சோறு சாப்பிட்டுப் பாத்திரம் கழுவுகிறார்கள். நட்பு வளர்க்கக் கூட்டம் போட்டு நாலு பேரை வெளியே நிறுத்துவதில் என்ன அர்த்தம்?

30 பேருக்குச் சோறு, கோழி பிரட்டல், பருப்பு, முட்டைக்கோஸ், ரசம், அப்பளம் போதும். அரிசி மூன்றரைக் கிலோ, சுத்தம் செய்த கோழி 5 கிலோ, உருளைக்கிழங்கு ஒன்றரைக் கிலோ, வெங்காயம் ஒன்றே கால் கிலோ, கறித்தூள் 200 கிராம், பருப்பு முக்கால் கிலோ, முட்டைக்கோஸ் 3 கிலோ. மாட்டிறைச்சி வேண்டாம், சாப்பிடாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

5 கிலோ கோழியையும் ஒரே பானையில் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்து குழம்பாகிவிடும், பிரட்டல் ஆகாது. கிளறக் கிளறக் கிழங்கும் உடையும். அகலமான இரண்டு குவாலியில் (பெரிய வாணலி) பாதி பாதியாகப் போடுங்கள், கிழங்கைத் தனியாகப் பொரித்துக் கடைசியில் சேருங்கள். தேங்காய்ப்பால் ஊற்றாதீர்கள், இந்தச் சூட்டில் அதுதான் முதலில் கெடும். கோழியைக் காலை 8 மணிக்கே சமைத்து மூடி வைக்கும் வழக்கமும் கூடாது. 10.45 தேநீர் முடிந்ததும் அடுப்பில் ஏற்றினால் 12.30க்குச் சுடச்சுடப் பரிமாறலாம்.

அடுப்பு இரண்டும் கோழிக்குப் போய்விடுவதால் சோற்றை மின் குக்கரில் வையுங்கள். பெரிய குக்கர் இரண்டை ஒரே நீட்டிப்பு வயரில் செருகாதீர்கள். 13 ஆம்பியர் பிளக் தாங்காது, ஃபியூஸ் போய்விடும். தனித்தனிச் சுவர்ப் பிளக்கில் போடுங்கள். பருப்பும் ரசமும் வீட்டிலிருந்தே வரட்டும், அடுப்பு ஒழிந்ததும் கொதிக்க வைத்துப் பரிமாறுங்கள்.

வெங்காயம் உரிப்பது, கோஸ் நறுக்குவது எல்லாம் காலையில் மேசையிலேயே நடக்கட்டும். அறிமுகமில்லாத இருவர் எதிரெதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தால் பேச்சு தானாக வரும். சமையல் பொறுப்பை மாதத்துக்கு ஓர் அன்பியம் (பங்கின் சிறு குடும்பக் குழு) என்று சுற்றுக்கு விடுங்கள். வாழையிலை தோட்டத்தில் கிடைக்குமே, தட்டுக் கழுவும் வேலை மிச்சம்.

உட்காரும் விஷயத்துக்கு: வாசலில் ஆளுக்கொரு மணி கொடுங்கள், ஐந்து நிறம், நிறத்துக்கு ஆறு. நிறப்படி மேசை. ஒவ்வொரு மேசையிலும் கண் நன்றாகத் தெரிகிற இளையவர் இருவராவது இருக்கும்படி பார்த்துக் கொடுக்க வேண்டும், குலுக்கலை முழுக்க நம்ப வேண்டாம். மேசைக்கு ஒரே கத்தரிக்கோல். கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

பாலமரத்தடி எழுதியது:

மிக்க நன்றி. மாதிரிக்கு ஒன்று கட்டிப் பார்த்தேன். பதக்கத்தில் கட்டிய முடிச்சு அவிழாமல் இருக்கச் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டேன், பக்கத்து மணியெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. துடைத்தும் போகவில்லை. லைட்டரால் கயிற்று முனையைச் சுட்டுவிட்டால் போதுமா?

மணிக்கயிறு எழுதியது:

அந்தப் பசையின் ஆவி பட்டாலே அக்ரிலிக் மங்கிவிடும், அக்கா. நிறமில்லா நகச்சாயத்தைப் பல்குச்சி நுனியில் தொட்டு முடிச்சில் மட்டும் வையுங்கள். நைலான் வழுக்கும், அதனால் பதக்கத்திலும் சுரூபத்திலும் இரட்டை முடிச்சு. மீந்த முனையை 3 மி.மீ. விட்டு வெட்டி, லைட்டரின் தீயை அருகில் மட்டும் காட்டினால் நுனி உருகிக் குமிழாகி நின்றுவிடும். தீ மணிப் பக்கம் போகாமல் இரண்டு விரலால் கயிற்றை விலக்கிப் பிடிக்க வேண்டும். மேசைக்கு ஒருவர் மட்டும் இதைச் செய்யட்டும், மின்விசிறியை நிறுத்திவிட்டு.