குளியலறை டைல்ஸ்: உடைத்துப் போடுவதா, மேலேயே ஒட்டுவதா?

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் வசிக்கிறோம். எங்கள் குளியலறையிலிருந்து கசியும் நீரால் கீழ்வீட்டுக் கூரையின் பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. அவ்வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் வேலையைத் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை.

பார்க்க வந்த கொத்தனார், பழைய டைல்ஸின் மேலேயே புதியதை ஒட்டிவிட்டால் செலவும் தூசியும் குறையும் என்கிறார். ஆனால் தண்ணீர் வடியும் துளையைச் சுற்றியுள்ள டைல்ஸை நாணயத்தால் தட்டினால், அடியில் பிடிப்பில்லாமல் 'டொக் டொக்' என்று ஒலிக்கின்றன. ஆகவே தளம் வரை உடைத்து, குழாய் நுழையும் இடங்களையும் மூலைகளையும் அடைத்து, வாட்டர்புரூஃபிங் பூசி, அது காய்ந்தபின் 24 மணி நேரமாவது நீர் தேக்கிக் கசிவில்லை என்று உறுதிசெய்த பிறகே டைல்ஸ் பதிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

போர் தண்ணீரின் உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றினால் டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் சிமென்ட் கிரௌட்டை அது அரித்துவிடும் என்பதால், எபாக்ஸி (பிசின் வகை) கிரௌட்டே போட விரும்புகிறோம். வயதான அம்மாவுக்காகச் சொரசொரப்பான டைல்ஸ் தேவை. அதில் உப்பு படிந்தால் எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்? ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இவ்வேலையை முறையாகச் செய்வோரைத் தெரிந்தவர்கள், சதுர அடிக் கூலியுடன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.