வெண்பா தட்டுகிறது, கைகொடுங்கள்!

நண்பர்களே, எங்கள் குடியிருப்பு விழாவில் கிரேஸி மோகன், கலைவாணர், நாகேஷ் மூவருக்கும் ஆளுக்கொரு குறள் வெண்பா (திருக்குறள் போன்ற ஈரடிப் பா) படிக்கிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். மோகனே சரளமாக வெண்பா எழுதியவர், அதுதான் கூடுதல் நடுக்கம். மோகனின் நாடகப் பாத்திரங்களான மாது, சீனுவை வைத்து இதுவரை தேறியது:

மாதுவும் சீனுவும் மாற்றிக் குழப்பிடவே
காதுவரை சிரித்ததே ஊர்

முதலடி சரி. 'காதுவரை' காய்ச்சீர் (நேரசையில் முடியும் மூவசைச் சீர்), அடுத்து நேரசை (ஒற்று நீங்கலாக ஓரெழுத்து அசை) வரவேண்டும். 'சிரித்ததே' நிரையசையில் (ஒற்று நீங்கலாக ஈரெழுத்து அசை) தொடங்கி, சீர்களை இணைக்கும் தளையைக் கெடுக்கிறது. சிரிப்பை விடவும் மனசில்லை. நேரசையில் தொடங்கும் மாற்றுச்சொல் இருக்கிறதா? ஜானகியையும் எங்காவது நுழைக்க ஆசை. மோகன் தன் ஆசிரியையின் பெயரைத்தானே நாயகிகளுக்கெல்லாம் வைத்தார்!

கலைவாணருக்கு அலை, விலை, நிலை என்று எதுகை கொட்டிக் கிடக்கிறது. நாகேஷுக்கு 'வேகம்' தவிர ஒன்றும் சிக்கவில்லை. ஞாயிறு மாலை விழா. அதற்குள் யாராவது?