புதுப்பிப்பு: பள்ளிக்கூட வாசல் மானிய விண்ணப்பம்

பள்ளிக்கூட வாசல் நெரிசலையும் புகையையும் குறைக்க அரசு மானியம் கேட்டு, விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதாகப் புலம்பியிருந்தேன் அல்லவா? மறுபடி போட்டோம். முதல் சுற்று தாண்டிவிட்டது!

போன தடவை “மூச்சு முட்டுகிறது” என்று நாலு பக்கம். எண் ஒன்றுகூட இல்லை. இந்த முறை காலையில் வாசலில் நின்று, இன்ஜினை அணைக்காமல் காத்திருக்கும் வண்டிகளை எண்ணினோம். வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவை அளக்கும் விரல் நீளக் குழாய்களைக் கம்பங்களில் கட்டி, பிறகு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அந்த வாயுவின் ஆண்டு சராசரி வரம்பை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கன மீட்டருக்கு 40-இலிருந்து 10 மைக்ரோகிராமாகக் குறைத்ததையும் சேர்த்தோம்.

சாலையை அகலப்படுத்தும் யோசனையைத் தூக்கிவிட்டோம். அகலமானால் வண்டிதான் கூடும்.

இப்போது அரசுத் தரப்பு எங்களிடம் கேட்டிருப்பது: மானியம் தீர்ந்தபின் பராமரிப்புச் செலவு யாருடையது? அதில்தான் முழிக்கிறோம்.