பி.எல்.எல். விழுங்கிய மிருதங்கத் தொப்பி

கல்லூரிக் கடைசி வருட புராஜெக்டுக்கு எஃப்எம் எக்ஸைட்டர் (ஆடியோவை ரேடியோ அலையில் ஏற்றும் பகுதி) செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிஎஃப்494 டிரான்சிஸ்டரில் ஒரு ஆசிலேட்டர், அதன் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் டேங்க் சுற்றில் ஒரு வரேக்டர் டயோடு (மின்னழுத்தத்துக்கு ஏற்பக் கெபாசிட்டன்ஸ் மாறும்). ஆடியோவை வரேக்டருக்குக் கொடுத்ததும் 75 கிலோஹெர்ட்ஸ் விலகல் (ஆடியோவுக்கு ஏற்ப அதிர்வெண் ஏறி இறங்கும் அளவு) சுலபமாக வந்துவிட்டது. ஸ்டேஷன்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை, கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே நகர்ந்தது. சரி என்று பி.எல்.எல். (அதிர்வெண்ணை ஒரு கிரிஸ்டலோடு ஒப்பிட்டு இழுத்து நிறுத்தும் லூப்) போட்டுப் பூட்டினேன். ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு (லைசென்ஸ் யார் தருவார்கள்?), பக்கத்திலேயே ஒரு பாக்கெட் ரேடியோ.

கச்சேரிப் பதிவு ஒன்றை ஓடவிட்டேன். பாட்டும் வயலினும் சுத்தம். மிருதங்கத்தில் வலந்தலை (வலப்பக்கம்) கணீரென்று விழுகிறது, இடப்பக்கத்துக் கனத்த ஒலியான தொப்பியைக் காணோம்! கும்கி (தொப்பியில் வழுக்கி எழும் அடிநாதம்) வரவேண்டிய இடமெல்லாம் காலி. ஸ்பீக்கரைச் சந்தேகித்தே ஒரு வாரம் போனது. கடைசியில் பார்த்தால் லூப் ஃபில்டரின் அகலம் 300 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே எது அசைந்தாலும், அது டிரிஃப்டா (ஸ்டேஷன் தானாக நகர்வதா) தொப்பியா என்று லூப்புக்குத் தெரியாது, இழுத்துப் பிடித்துவிடும். பெரிய கெபாசிட்டர் போட்டு 5 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தேன், தொப்பி வந்துவிட்டது. ஆனால் ஆன் செய்ததும் லாக் ஆகச் சில விநாடி காத்திருக்க வேண்டும்.

—

தம்பி, உன் தொப்பிக் கதையைப் படித்தேன். எஃப்எம் முன்னோடி ஆம்ஸ்ட்ராங்கின் முறையிலும் தொல்லை கொடுப்பது பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிதான். 1933-இல் அவர் காப்புரிமை வாங்கிய வழியில் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலைத் தொடவே மாட்டார்கள், அதனால் டிரிஃப்ட் இல்லை. அலையின் ஃபேஸை (கட்டத்தை) மட்டும் கொஞ்சம் அசைப்பார்கள். அதிகம் அசைத்தால் ஒலி சிதையும். ஒலி தாழத் தாழ அதே அசைவுக்கு விலகல் குறையும், 50 ஹெர்ட்ஸ் பேஸுக்கு 25 ஹெர்ட்ஸ் விலகல்தான் தாங்கும். அதை 75,000 ஆக்க 3000 மடங்கு பெருக்கினால் 200 கிலோஹெர்ட்ஸ் கேரியர் (ஒலியைச் சுமக்கும் அலை) எஃப்எம் பேண்டைத் தாண்டி 600 மெகாஹெர்ட்ஸுக்குப் போய்விடும். அதனால் முதலில் 64 மடங்கு பெருக்கி 12.8 மெகாஹெர்ட்ஸ். அதை 10.9-உடன் மிக்ஸ் செய்து 1.9-க்கு இறக்கினால் விலகல் மாறாது. அப்புறம் 48 மடங்கு: 91.2 மெகாஹெர்ட்ஸ், விலகல் 76.8 கிலோஹெர்ட்ஸ். லேபில் அந்த முதல் 64-க்கே ஆறு டபிளர் (இரண்டு மடங்காக்கும் சுற்று). ஒவ்வொரு காயிலாகத் திருகி டியூன் செய்வதற்குள் டிபன் பாக்ஸ் ஆறிப்போகும்.

—

நான் வாக்கி டாக்கி சர்வீஸ் பார்க்கிறேன். சில செட்டுகளில் ஆடியோவை, பி.எல்.எல். ஒப்பிட்டுப் பார்க்கும் ரெஃபரன்ஸ் கிரிஸ்டலுக்கும் கொடுத்திருப்பார்கள், லூப் அகலமாக இருந்தாலும் பேஸ் தப்பிக்கும். அங்கே விலகல் 5 கிலோஹெர்ட்ஸ்தான், கிரிஸ்டல் வளைந்து கொடுக்கும். 100 மெகாஹெர்ட்ஸில் 75 கிலோஹெர்ட்ஸ் என்றால் 750 பிபிஎம் (பத்து லட்சத்தில் 750 பங்கு), சாதாரணக் கிரிஸ்டல் அதற்கெல்லாம் மசியாது. பேசாமல் உங்கள் 5 ஹெர்ட்ஸையே வைத்துக்கொள்ளுங்கள் சார். ஆன் செய்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் லாக் ஆகியிருக்கும்.