பரிந்துரைக் கடிதம் தருவது ஆசிரியரின் கடமையா, உபகாரமா?

கெடிலக்கரை:
அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பித்திருக்கிறேன். டிசம்பர் 15 கடைசி நாள். மூன்று எல்.ஓ.ஆர். (பரிந்துரைக் கடிதம்) வேண்டும், இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது என் ப்ராஜெக்ட் கைடு தர வேண்டியது. செப்டம்பரிலேயே நேரில் போய்க் கேட்டேன், "தாராளமா தரேன்பா" என்றார். விண்ணப்பப் போர்டலைத் திறந்தால் அவர் பெயருக்கு நேரே இன்னும் 'வரவில்லை' என்றுதான் இருக்கிறது. போன் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. கடலூரிலிருந்து பஸ் ஏறிப் பாண்டிக்குப் போய் டிபார்ட்மெண்ட் வாசலில் நின்றால், "சார் எக்ஸாம் டூட்டியில இருக்கார், அப்புறம் வா" என்கிறார்கள்.

டோஃபல் ஆங்கிலத் தேர்வு, எஸ்.ஓ.பி. (ஏன் இந்தப் படிப்பு என்று நானே எழுதும் கட்டுரை), விண்ணப்பக் கட்டணம் என்று என் பக்கத்து வேலை எல்லாம் முடிந்துவிட்டது. ஒருத்தர் பத்து நிமிடம் ஒதுக்காததால் எனக்கு ஒரு வருஷம் போகலாமா? படித்த மாணவனுக்குக் கடிதம் தருவது ஆசிரியர் வேலையில் சேர்ந்தது. அதற்காகக் கெஞ்ச வைப்பது நியாயமே இல்லை.

லாஸ்பேட்டை ஆசிரியர்:
தம்பி, உன் தவிப்பு புரிகிறது. ஆனால் 'பத்து நிமிடம்' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாண்டியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். கடிதம் கேட்டுப் பல்கலைக்கழகம் எங்களுக்கு மெயிலில் அனுப்பும் லிங்கைத் திறந்தால் முதலில் வருவது கேள்விகள்தான். இவனை எத்தனை வருடமாகத் தெரியும், ஆராய்ச்சித் திறனில் வகுப்பின் முதல் 5 சதவீதத்தில் வருவானா, 10 சதவீதத்திலா, எழுதுவது எப்படி, நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்வானா என்று ஒவ்வொன்றுக்கும் குறிக்க வேண்டும். அப்புறம் லெட்டர்ஹெட்டில் கடிதம் எழுதி பி.டி.எஃப். ஆக்கி ஏற்ற வேண்டும். ஒருவன் எட்டுப் பல்கலைக்கழகம் போட்டால் எட்டு லிங்க் வருகிறது, ஒவ்வொரு போர்டலும் ஒவ்வொரு மாதிரி. இதெல்லாம் வருகிற நேரமும் நவம்பர், டிசம்பர்தான். செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் திருத்தம், இன்டர்னல் மார்க் எல்லாம் அப்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். எங்கள் பணி விதியில் எங்கேயும் இந்த வேலை இல்லை. மாணவன் நன்றாக இருக்கட்டும் என்று மனசு வந்து செய்கிறோம்.

முதுநகர் அப்பா:
கடமையா உபகாரமா என்று பேசிக்கொண்டிருந்தால் தேதி போய்விடும். என் மகன் வெளிநாடு போனபோது அவனே கடிதம் எழுதிக்கொண்டு போனான், சார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் நடக்கிறது. தம்பி, உன் கைடு வாயால் சம்மதம் சொல்லியாச்சு இல்லையா? அவர் பெயரில் ஒரு ஜிமெயில் திறந்து நீயே ஏற்றிவிடு. நாலு வருஷம் உழைத்த பிள்ளைக்கு யாரோ ஒருவரின் சோம்பலால் வாசல் அடைபடக் கூடாது.

வில்லியனூர் அக்கா:
தம்பி, இதை மட்டும் செய்யாதே. நான் அமெரிக்காவில்தான் பிஎச்.டி. முடித்தேன். விண்ணப்பத்தின் கடைசியில் 'கொடுத்த தகவல் எல்லாம் உண்மை' என்று உறுதி கொடுக்கிறோம். போலி என்று தெரிந்தால் சேர்ந்த பிறகும் வெளியே அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கல்லூரி முகவரியிலிருந்துதான் கடிதம் வர வேண்டும் என்று பல இடங்களில் கேட்பது இந்த ஜிமெயில் வேலையைத் தடுக்கத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே 1974-இல் வந்த ஒரு சட்டப்படி, பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவன் தன் கோப்பில் உள்ளதைப் பார்க்கக் கேட்கலாம். கடிதங்களைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். பெரும்பாலும் எல்லோரும் விட்டுக்கொடுக்கிறோம், ஏனென்றால் மாணவன் பார்க்காத கடிதத்தைத்தான் அவர்கள் நம்புவார்கள். அந்தப் பெட்டியில் டிக் போட்ட கையாலேயே கடிதத்தையும் எழுதலாமா?

மாணவனே எழுதினால் 'கடின உழைப்பாளி, நேரம் தவறாதவன்' என்று பொதுவாகத்தான் வரும், அதுவும் எஸ்.ஓ.பி.யில் இருக்கும் அதே நடையில். லேபில் சிக்னலைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் எதுவும் வராமல் மற்ற எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, ஒரு பையன் மட்டும் அதன் ப்ரோப் வயரைக் கழற்றி வேறு மாட்டிப் பார்த்து அதுதான் பழுது என்று கண்டுபிடித்தான் என்று வையுங்கள். பக்கத்தில் நின்ற ஆசிரியரால்தான் அதை எழுத முடியும். சேர்க்கைக் குழு தேடுவதும் அந்த மாதிரி வரியைத்தான்.

லாஸ்பேட்டை ஆசிரியர்:
போலி ஜிமெயில் கூடவே கூடாது, அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் 'நீயே எழுதிட்டு வா' என்று ஏன் சொல்கிறோம் என்பதையும் யோசியுங்கள். ஒரு வகுப்பில் அறுபது பேர். ப்ரோபைக் கழற்றியது யார் என்று இரண்டு வருஷம் கழித்து எனக்கு எப்படி நினைவிருக்கும்? தவிர, நம் படிப்பில் கடிதத்துக்கு இடமே இருந்ததில்லை. பொறியியல் சேர்க்கைக்குப் பாண்டியில் சென்டாக், கடலூர்ப் பக்கம் டி.என்.இ.ஏ. என்று அரசுக் கலந்தாய்வு, இரண்டிலுமே மார்க்கும் ரேங்கும் இருந்தால் போதும். வாழ்நாளில் ஒரு மாணவனைப் பற்றி நாங்கள் எழுதியது நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றுதான், அதுவும் அச்சடித்த தாளில் பெயரை மட்டும் நிரப்பி. அமெரிக்கக்காரன் கேட்கிற மாதிரி எழுத எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வில்லியனூர் அக்கா:
நினைவில்லாதது தப்பில்லை சார். அப்படியானால் முழுக் கடிதம் கேட்காமல் குறிப்பு கேளுங்கள்: ப்ராஜெக்ட் ரிப்போர்ட், மார்க் ஷீட், உங்கள் லேபில் அவன் செய்ததைப் பற்றி அரைப் பக்கம். அதைப் பார்த்தும் பையன் மனதில் வரவில்லை என்றால் "என்னால் நல்லபடி எழுத முடியாதுப்பா, வேறு ஆளைப் பார்" என்று சொல்லிவிடுங்கள். கேட்கிறவருக்கெல்லாம் தர வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. சம்மதிக்கிற வரைக்கும் அது உபகாரம்தான். தருகிறேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் அது கடன்.

லாஸ்பேட்டை ஆசிரியர்:
முடியாது என்று சொல்வது நீங்கள் படித்த அமெரிக்காவில் சுலபம் அம்மா. இங்கே சொன்னால் மறுநாள் அப்பா, மாமாவோடு வந்து எச்.ஓ.டி. அறையில் உட்காருகிறார்கள். 'என் பையன் மேல சாருக்கு என்ன கோபம்' என்று கேட்கிறார்கள். அதனால்தான் எல்லாரும் தலையாட்டிவிடுகிறோம்.

முதுநகர் அப்பா:
பிள்ளைக்காகப் பெற்றவன் வந்து நிற்காமல் யார் நிற்பார்கள் சார்?

வில்லியனூர் அக்கா:
தம்பி, உனக்கு இப்போது வேண்டியது இதுதான். மாணவன் விண்ணப்பிக்கக் கடைசி நாள் வேறு, கடிதம் வந்து சேரக் கடைசி நாள் வேறு என்று வைத்திருக்கிற துறைகள் பல உண்டு. சில நாள் தாமதமான கடிதத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் பார், இல்லையென்றால் சேர்க்கையைக் கவனிக்கும் அலுவலருக்கு ஒரு மெயில் போடு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு நம் பாண்டி அருகேதான் கரையைக் கடந்தது. டிசம்பர் 1 பல பிஎச்.டி. விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள். கரண்டும் நெட்டும் இல்லாமல் என் தங்கை தவித்தபோது துறைக்கு நிலைமையை எழுதினாள், கடிதம் பிந்தி வந்ததை அவர்கள் குறையாக எடுக்கவில்லை. இந்தக் கரையில் கடைசி நாளும் புயலும் ஒரே மாதத்தில்தான் வரும். அதனால் பத்து நாளாவது முன்னதாக ஒரு தேதியைச் சொல்லிக் கேட்பதுதான் நல்லது. கைடு அசையவில்லை என்றால் ஆளை மாற்றவும் பெரும்பாலான போர்டலில் வழி இருக்கிறது.

கெடிலக்கரை:
நன்றி அக்கா. துறைகளுக்கு எழுதிவிட்டேன். இன்டர்ன்ஷிப்பில் என்னைப் பார்த்துக்கொண்ட மேடமையும் கேட்டேன், "ரிப்போர்ட்டை அனுப்பு, நாளைக்குப் பார்க்கிறேன்" என்றார்.

சார், உங்கள் வேலைச் சுமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் என் கைடு செப்டம்பரிலேயே முடியாது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே மேடமிடம் போயிருப்பேன். எங்கள் அப்பா யாரிடமும் போய் நிற்கிற ஆள் இல்லை. யாரோ நாலு பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள் என்பதற்காக எனக்குப் பதில் சொல்லாமல் இருப்பது சரி என்று என்னால் ஏற்கவே முடியவில்லை.

லாஸ்பேட்டை ஆசிரியர்:
அந்த ஒரு விஷயத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது, தம்பி. உபகாரம் என்று நான் சொன்னதில் மாற்றமில்லை, ஆனால் பதில் சொல்லாமல் விட்டது சரியில்லை. மேடத்துக்கு எல்லாவற்றையும் ஒரே மெயிலில் அனுப்பு: ரிப்போர்ட், மார்க் ஷீட், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தத் தேதி என்ற பட்டியல், தேதி வரிசையில். லிங்க் போனதும் போன் போட்டு ஸ்பாமில் பார்க்கச் சொல், பாதி லிங்க் அங்கேதான் போய் விழுகிறது. சில போர்டலில் நீ கட்டணம் கட்டி சப்மிட் கொடுத்த பிறகுதான் அவருக்கு மெயிலே போகும், அதையும் இன்றைக்கே பார்த்துவிடு.