ரிங் கட்டும்போது மேல் சென்சாரில் அழுத்தம் இறங்குகிறது, என்ன செய்யலாம்?

கேட்டவர்: புதுஷிப்ட்

வணக்கம். டிபிஎம் (சுரங்கம் தோண்டுற மெஷின்) வேலைக்கு வந்து நாலு மாசம் ஆகுது. சென்னையில கடற்கரைப் பக்கத்து சைட், இபிபி மெஷின், அதாவது தோண்டின மண்ணையே முன் அறையில (சேம்பர்) அடைச்சு, அந்த அழுத்தத்தால எதிர்ல இருக்கிற நிலத்தைத் தாங்குற வகை. சுரங்கத்தோட உச்சி தரையிலிருந்து 12 மீட்டர் ஆழம், நிலத்தடி நீர் 3 மீட்டர்லயே இருக்கு. மேல முழுக்க மணல், அடியில பாறை தட்டுப்பட ஆரம்பிச்சிருக்கு. சேம்பரோட மேல் சென்சார்ல 1.3 பார் அழுத்தம் வைக்கணும்னு டிசைன்ல இருக்கு. தள்ளும்போது சரியா நிக்குது. ரிங் (சுரங்கச் சுவரான கான்கிரீட் வளையம்) கட்ட நிறுத்தினதும் 40 நிமிஷத்துல 0.9 வரைக்கும் இறங்கிடுது. மறுபடி தள்ளினா ஏறிடும், பயப்படாதேன்னு சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. மேல வீடுங்க இருக்கு.

பதில்: சாய்ராம்நகர்

மண்ணை இளக்க ஏத்துற ஃபோம் உடைஞ்சிருக்கும். நுரை மணிக்கணக்கா தாங்காது. நிறுத்துறதுக்கு முன்னாடி பென்டோனைட் (களிமண் குழம்பு) ஏத்திப் பாருங்க.

பதில்: 14வருஷம்_கீழே

தம்பி, உன் பயம் நியாயமானது. ஏன்னு கணக்குப் போட்டுப் பாரு. உச்சிக்கு மேல 9 மீட்டர் தண்ணி நிக்குது. 10 மீட்டர் தண்ணிக்குச் சுமார் 1 பார், அப்போ தண்ணி மட்டுமே 0.9 பார். உன் சென்சார் 0.9 காட்டுற நிமிஷம், நீ தண்ணியைத்தான் தாங்கிட்டு இருக்கே. மணலைத் தாங்க மிச்சம் எதுவும் இல்ல. களிமண்ணா இருந்தா கொஞ்ச நேரம் தானா நிக்கும். தண்ணியில ஊறின மணல் அப்படி நிக்காது.

முதல்ல ஒண்ணு பாரு. மேல் சென்சாருக்கும் அதுக்கு அடுத்த சென்சாருக்கும் எவ்வளவு வித்தியாசம்? சேம்பர்ல நல்ல மக் (தோண்டின மண்) நிறைஞ்சிருந்தா, மீட்டருக்கு 0.14, 0.15 பார் கீழ போகப் போகக் கூடணும். ரெண்டும் ஒரே எண் காட்டினா, மேல மக் இல்ல, காத்துதான் இருக்கு. காத்து தண்ணியைக் கொஞ்சம் எதிர்க்கும், மணலைப் பிடிச்சு நிறுத்தாது.

மக்கைக் கையில எடுத்துப் பாரு. பெல்ட்ல வர்றது கூழுக்கும் களிக்கும் நடுவுல இருக்கணும். கையில அள்ளினா உருவம் நிக்கணும், அழுத்தினா விரலிடுக்குல வழியணும். புட்டு மாவா உதிர்ந்தா கண்டிஷனிங் (ஃபோமும் தண்ணியும் கலந்து பதப்படுத்துறது) பத்தல. தண்ணி தனியா வடிஞ்சா, மக்கை வெளியே எடுக்குற ஸ்க்ரூ வழியா அழுத்தம் ஓடிட்டே இருக்கும், அதோட கேட்டை எவ்வளவு இறுக்கி மூடினாலும் நிக்காது. நான் இன்னைக்கும் ஷிப்ட் தொடங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்துட்டுத்தான் கேபினுக்குப் போறேன்.

பிரஷரை விட எனக்கு முக்கியம் எடை. இதை யார் சொன்னாலும் கேட்காம விட்டுடாதே. 6.6 மீட்டர் விட்டமுள்ள கட்டர்ஹெட் (முன்னாடி சுத்தி வெட்டுற தட்டு), 1.4 மீட்டர் அகல ரிங்னா தரையிலிருந்து வர வேண்டியது சுமார் 48 கன மீட்டர். ஏறக்குறைய 95 டன், அதோட நீ ஏத்தின தண்ணியும் ஃபோமும். அடியில பாறை, மேல மணல்னு வரும்போது மெஷின் முன்னேறாம சுத்திக்கிட்டே இருக்கும். பாறை தேயுறதுக்குள்ள மேல இருக்கிற மணல் உள்ள வந்துட்டே இருக்கும். அழுத்தம் சரியாத்தான் காட்டும். ஆனா மேல குகை உருவாகும். முதல் கட்ட மெட்ரோ நடந்தப்போ, பேர் வேண்டாம், ஒரு சைட்ல இப்படித்தான் ஒரே ரிங்குக்கு ஒரு வண்டி மக் கூடுதலா வந்துச்சு. எழுதி வச்சேன், நிறுத்தச் சொல்லலை. மூணாம் நாள் காலையில ரோட்டுல ஒரு ஆட்டோ சக்கரம் இறங்குற அளவு குழி. யாருக்கும் அடிபடலை. அன்னைக்கு நான் வாயைத் திறந்திருக்கணும். அதுக்கப்புறம் கேன்ட்ரி கிரேன் ஒவ்வொரு மக் வண்டியைத் தூக்கும்போதும் எடையை நானே ரிங் வாரியா எழுதுறேன். பத்து சதவீதம் கூடினா நிறுத்திட்டு, டெயில்ல (மெஷினோட பின்பகுதி) ரிங்குக்கு வெளிய இருக்கிற இடைவெளியை நிரப்புற கிரவுட் எவ்வளவு போச்சுன்னு பார்ப்பேன்.

பதில்: மந்தைவெளி_கிணறு

நான் இன்ஜினியர் இல்லை, மேல வீட்டுல இருக்கிறவ. 2017 ஏப்ரல்ல அண்ணா சாலையில மெட்ரோ சுரங்க வேலை நடந்தப்போ பஸ்ஸும் காரும் ரோட்டுக்குள்ள இறங்கினதைப் பார்த்த ஊர் இது, அதனால கேட்கிறேன். எங்க தெருவுல மூடின கிணறு நிறைய உண்டு, சில வீட்டுல யாருக்குமே தெரியாத பழைய போர்வெல் கூட. அது வழியா அழுத்தம் வெளியேறாதா?

பதில்: 14வருஷம்_கீழே

வெளியேறும்மா. நுரை முற்றத்துல பொங்குறது அப்படித்தான். அழுத்தமும் சட்டுனு விழும். சர்வே பண்றவங்க வந்தா மூடின கிணறு, பழைய போர்வெல் எல்லாத்தையும் கையோட கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. தாத்தா காலத்துல மூடினதா இருந்தாலும் சொல்லுங்க. எங்களுக்கு அதை விடப் பெரிய உதவி இல்ல.

கேட்டவர்: புதுஷிப்ட்

அண்ணா, பார்த்துட்டேன். ரிங் கட்டும்போது மேல் ரெண்டு சென்சாருக்கும் வித்தியாசம் வெறும் 0.02. நடுவுல ஒன்றரை மீட்டர் இருக்கு. எடைப் பதிவு கேட்டேன், வண்டி எண்ணிக்கை மட்டும்தான் இருக்கு.

பதில்: 14வருஷம்_கீழே

அப்போ மேல காத்துப் பை இருக்கு தம்பி. மேல் வால்வைத் துளித் துளியா திறந்து காத்தை விடு, அதே வேகத்துல சேம்பருக்குள்ள பென்டோனைட் ஏறணும். காத்தை மட்டும் விட்டுட்டு அப்புறம் ஏத்தலாம்னு ஒருக்காலும் செய்யாதே. தள்ளி முடிக்கிற கடைசி 10 சென்டிமீட்டர்ல ஸ்க்ரூவைக் குறைச்சு 1.5க்குக் கொண்டு வந்து நிறுத்து. ரிங் கட்டும்போது அந்தந்த செக்மென்ட்டுக்கு (ரிங்கோட ஒரு துண்டு) வேண்டிய ஜாக்கை (மெஷினைத் தள்ளுற தண்டு) மட்டும் இழு, மீதி எல்லாம் ரிங்கை அழுத்திக்கிட்டே இருக்கட்டும். 1.2க்குக் கீழ போனா பென்டோனைட் பம்ப் ஓடணும். இன்னைக்கே மேனேஜர்கிட்ட எழுத்துல கொடு. எடை எழுத ஆளில்லைன்னா நீயே நோட்டை எடுத்துக்கிட்டு கேன்ட்ரி பக்கத்துல நில்லு.