படிகாரத்தில் கல் வளர்த்தவர்கள் வாங்க, உங்க கதையையும் சொல்லுங்க

வாசலில் திருஷ்டிக்குக் கட்டுவோமே, அதே படிகாரம்தான். தருமபுரி கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடையில் மலிவாகக் கிடைத்தது. லீவில் என் பெண்ணும் எதிர்வீட்டுப் பையனும் போன் கேட்டு உயிரை எடுத்ததால் உரலை எடுத்துக் கொடுத்துப் பொடிக்கச் சொன்னேன்.

அடுப்பு வேலை என்னுடையது. சுடுதண்ணீரில் பொடியைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்து, இனிக் கரையாமல் அடியில் தங்குகிறது என்றதும் நிறுத்தி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினோம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், படிகாரத் தண்ணீருக்கு அமிலத்தன்மை உண்டு. 20 டிகிரியில் 100 மில்லி தண்ணீரில் 15 கிராம் படிகாரம்கூடக் கரையாது. கொதிக்கிற தண்ணீரோ அதைப்போலப் பல மடங்கை வாங்கிக்கொள்ளும். ஆறும்போது தாங்க முடியாததைப் படிகக் கல்லாக வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

காலையில் அடியில் குருணை குருணையாகக் கல். அதில் முனை உடையாத ஒன்றைப் பொறுக்கி, தூண்டில் நரம்பில் கட்டி, நன்றாக ஆறிய கரைசலில் தொங்கவிட்டோம். கரைசலில் சூடு மிச்சமிருந்தால் விதைக்கல் கரைந்து நரம்பு மட்டும் தொங்கும். பருத்தி நூல் என்றால் நூல் முழுக்கப் பொடிக்கல் பூத்துவிடும். தருமபுரி வெயிலுக்கு டம்ளரை ஜன்னலோரம் வைக்கவே கூடாது. மத்தியானச் சூட்டில் வளர்ந்த கல்லே முனை மழுங்கிப்போகும். சாமி அலமாரிக்குக் கீழே, துணி மூடி வைத்தோம்.

வளர்ந்த கல்லை வெளியே எடுத்தபோது, இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போல எட்டு முகம். விளிம்பெல்லாம் கத்தி பிடித்துச் சீவியது மாதிரி. "யார் அத்தை இதைச் செதுக்குனது?" என்றான் பையன். யாரும் இல்லைடா, அடுக்கடுக்காக அதுவே போய் உட்காருது என்றேன். நம்பவில்லை. நீங்கள் செய்ததையும் எழுதுங்கள்.

காவேரிப்பட்டணத்துக்காரர்:
நாங்கள் கல்லுப்பில் செய்தோம். அது ஆறவைத்தால் வராதுங்க. 100 மில்லியில் 20 டிகிரியில் 36 கிராம் கரையும், கொதிக்கும்போதும் 39தான். அதனால் தட்டில் ஊற்றி மொட்டைமாடியில் காயவைத்தோம். போர் தண்ணீரில் செய்தால் வெள்ளை ஏடு படிந்து கல் மங்கலாகிறது. கேன் தண்ணீரில் சுத்தமான சதுரக் கட்டிகள். லென்ஸில் பார்த்தால் சிலதில் நடுவே படிப்படியாகக் குழி, கோயில் குளம் மாதிரி. எங்க ஆயா மட்டும், "கடையில வாங்குன உப்பக் கரைச்சு மறுபடியும் உப்பா எடுக்கறதுக்கு இவ்ளோ கூத்தா?" என்றார்.

ஓசூர் அக்கா:
மாமா கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அறுக்கிற இடத்தில் வேலை. பிள்ளைகள் படிகாரம் செய்வதைப் பார்த்துவிட்டு ஒரு துண்டுக் கல்லைக் கொண்டுவந்து போட்டார். அதில் பளபளக்கிற ஒவ்வொரு புள்ளியும் படிகம்தானாம். பூமிக்கு அடியில் ரொம்ப மெதுவாக ஆறியதால்தான் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. உடனே சின்னவன் ஒரு டம்ளரை பிரிட்ஜில் வைத்துப் பார்த்தான். சட்டென்று ஆறி, ரவை மாதிரி பொடியாகத்தான் வந்தது.

ஒன்று கேட்கணும், சர்க்கரையில் கற்கண்டு செய்தவர்கள் இருக்கிறீர்களா? எறும்பை எப்படிச் சமாளித்தீர்கள்?

பதிவிட்டவர்:
தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் டம்ளரை வையுங்க, எறும்பு வராது. ஆனால் படிகாரத்தையும் கற்கண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீங்க. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், எடுத்து வாயில் போட்டுவிடுவார்கள். நான் படிகார டம்ளரில் சிவப்பு நூல் சுற்றி மேல் தட்டில் வைத்துவிட்டேன்.